லாரியைப் போகச் சொன்ன மத்தியானம்

எஸ்.எஸ்.எல்.சி.யில் எனக்கு இங்கிலீஷ் மட்டும் தேறவில்லை. லாரி கிளீனராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நான், தேறினால் பஸ் கண்டக்டர் வேலைக்கு மனுப் போடலாம் என்று தர்மபுரியில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். அங்கே முழு வாக்கியம் வராவிட்டால் வாத்தியார் பெஞ்சின் மேல் நிற்கச் சொல்வார். மீசை முளைத்த ஆட்களுக்கு அது அவமானம். அதனால் யாரும் வாயே திறப்பதில்லை.

ஒரு மத்தியானம் வெறுத்துப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே பெங்களூர் லாரி எனக்காக ஹாரன் அடித்தது. அன்று வகுப்பெடுத்த டீச்சர், புதிதாக வந்தவர், என்னைவிட இளையவர், கேட்டார்.

“வேர் ஆர் யூ கோயிங்?”

“பெங்களூர்.”

“வொய்?”

“லோடு.”

“வாட் லோடு?”

“மேங்கோ.”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

“எதுக்குச் சிரிக்கிறீங்க? நான் கேட்டது அத்தனையும் அவருக்குப் புரிஞ்சுது. பதிலும் வந்துது. வாக்கியத்தை நாளைக்குச் சேத்துக்கலாம். உக்காருங்கண்ணா.”

எனக்குச் சந்தோஷத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வெளியே போய் டிரைவரிடம், “கோ” என்றேன்.

“என்னடா, பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டியா?”

“நான் வரலீங்கண்ணா. நீங்க போங்க.”

அந்த வருஷம் தேறினேன். கண்டக்டர் வேலையிலும் நான் நிலைக்கவில்லை; அது என் சுபாவம். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானே நம்பிக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று. அது போன பிறகு, வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.