சாமியார் பங்களாவின் அஸ்திவாரம்

எழுபதுகளின் தொடக்கத்தில், பந்தல்குடிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலை ஒட்டி, பாதிரியார் குடியிருந்த பழைய சாமியார் பங்களாவை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டும் வேலை எனக்கு வந்தது. கொத்தனாராக எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

இடிப்பதற்கு முன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மேற்கு வெயில் ஏறாதபடி அந்தப் பக்கம் ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. சூடு வெளியேற மச்சுக்குக் கீழே வரிசையாக ஓட்டைகள். சுண்ணாம்புப் பூச்சில் முகம் தெரிந்தது. எவன்டா இதைக் கட்டினான் என்று வாய்விட்டே கேட்டேன்.

என் தாத்தா பிறப்பதற்கு முந்தைய சுவர், ஒரு விரிசல் இல்லை. இருபதடி தள்ளி, இரண்டு வருஷம் முன்பு நான் கட்டிய பள்ளிக்கூட அறையோ மூலைக்கு மூலை வெடித்திருந்தது. சிமென்ட் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். என் மகள் அந்த அறையில்தான் படித்தாள்.

இது மட்டும் எப்படி நிற்கிறது என்று பார்க்க, பங்களா மூலையில் நானும் கையாளும் தோண்டினோம். கழுத்தளவு போனபிறகு கரிசல் முடிந்து சுக்கான் பாறை வந்தது. அஸ்திவாரக் கல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. கல்லுக்கு இரண்டு பக்கமும் ஆற்றுமணல். மழையில் கரிசல் உப்பினால் மணல் தாங்கிக்கொள்ளும், சுவரை நெட்டாது. குண்டாற்றிலிருந்து வண்டி வண்டியாக அடித்திருப்பார்கள், மகராசன்கள்.

பள்ளிக்கூட அறைக்கு நான் தோண்டியது மூன்றடி, அதுவும் சித்திரையில். காய்ந்த கரிசலில் கடப்பாரை தெறித்ததும், "பாறை மாதிரி கெடக்குல்ல, போதும்" என்றேன். கரிசலில் பிறந்தவன் பேசுகிற பேச்சா அது?

கையாள் குழியைப் பார்த்தான். "மூடிருவோம்ணே. சொன்னா வேலையும் போகும், பேரும் போகும்."

மூடத்தான் நினைத்தேன். ஒரு கூடை மண்ணும் தள்ளினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடையைப் போட்டுவிட்டுச் சாமியாரைக் கூட்டிவந்தேன்.

"இத இடிக்க வேணாம் சாமி. இடிக்க வேண்டியது நான் கட்டுனத."

அவர் குழியையும் என்னையும் பார்த்தார். "பிள்ளைகள இப்பவே பங்களாவுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"சாமி எங்க தங்குவீக?"

"சமையக்கட்டு இருக்குல்ல."

மறுநாள் காலையில் நான் கட்டிய பள்ளிக்கூட அறையின் மேல் ஏறிச் சம்மட்டியை எடுத்தேன். பங்களா வராந்தாவில் நின்ற என் மகள் பக்கத்துப் பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னாள்: "அது எங்கப்பா கட்டுனது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கவில்லை, இடித்தேன்.