சித்தப்பா சொன்ன காக்கா

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்தேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்பார்கள். அந்த மே மாத ராத்திரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது, எட்டு மணிக்கே தூங்கிவிட்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

எங்கள் ஊர் மண்ணூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அப்பா ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு இருந்தார். மூன்று வயதில் வந்த ஜுரத்தில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது, அதனால் பேச்சும் வரவில்லை. ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் வைத்த பெயர் அது.

சித்தப்பாவுக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவர் சைக்கிளில் முன்பக்க பாரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போவார். நான் முன்னால் பார்க்க மாட்டேன். கழுத்தைத் திருப்பி, அவர் முழங்கைக்கு மேலாகப் பின்னால் வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவேன். லாரி ஹாரன் அடித்தால் என் கண் விரியும். உடனே சித்தப்பா சைக்கிளை மண்ணில் இறக்கிவிடுவார். லாரி உறுமிக்கொண்டு போகும், நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் அவர் பார்வை நிமிஷத்துக்கு ஒரு தரம் என் முகத்துக்கு வந்துபோகும். என்மேல் இருந்த பிரியத்தில்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிரியமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் ஜல்லி கிரஷரில் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் லாரி ரிவர்ஸ் வந்திருக்கிறது. கிளீனர் பாடியைத் தட்டிக் கத்தியிருக்கிறான். எல்லோரும் விலகிவிட்டார்கள், சித்தப்பா மட்டும் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் சட்டை மட்டும் கிழிந்தது. இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அப்பா தம்பியின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, ஊனமுற்றோருக்கான உதவித்தொகைக்கு எழுதிப்போட்டார்.

அந்தப் பணம் மாதாமாதம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் சித்தப்பாவைத்தான் தேடி வருவார். சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போடுவார். அவரே கொண்டுபோய் அம்மா கையில் கொடுப்பார், கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு எனக்குக் கமர்கட் வாங்கித் தருவார். அன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது இரண்டாம் தரம் குழம்பு கேட்டுத் தட்டை நீட்டுவார். மற்ற நாட்களில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஆவணி மாதத்தில் ஒரு செய்தி வந்தது. உதவித்தொகை வாங்குகிற எல்லோரையும் மறுபடியும் நேரில் பார்க்கப்போகிறார்களாம். வேலை செய்ய முடிகிறவர்களை எடுத்துவிடப்போகிறார்களாம். பக்கத்து ஊரில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய ஒரு அம்மா, வருவாய் ஆய்வாளர் வந்த நேரம் பார்த்துக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள். குடம் தூக்குகிறவள் வேலையும் செய்வாள் என்று பெயரை அடித்துவிட்டார்கள். குடம் தூக்காவிட்டால் அவள் எதைக் குடிப்பாள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. டிரான்சிஸ்டரை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்தாள். செவிடன் இருக்கிற வீட்டில் ரேடியோ எதற்கு என்று கேட்டுவிட்டால்? சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். ரேடியோ அப்பாவுடையது, சைக்கிளில் காது கேட்காதவனும் போகலாம், இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயம் விடவில்லை. இருப்பதை அப்படியே காட்டினால் நம்ப மாட்டார்கள் என்ற பயம் அது.

ஒத்திகையும் நடந்தது. சித்தப்பாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, அம்மாவும் நானும் பின்னால் நின்று தட்டை அடித்தோம். நான் குதித்துக் குதித்து அடித்தேன். சித்தப்பா சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

“அப்பாடா” என்றாள் அம்மா. பிறகு என் தாடையைப் பிடித்துக்கொண்டாள். “ந்தா, ஆபீசர் வந்தா நீதான் சித்தப்பாக்கு சைகைல சொல்லணும். அவுரு இன்னா கேக்குறாரோ அத்த மட்டும் சொல்லு. நீயா வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன்.”

சாமி சத்தியமாகத் திறக்க மாட்டேன் என்றேன்.

சத்துணவுக் கூடத்தில்தான் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆய்வாளர் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது அவருக்கு. மதியத்துக்குள் இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டும் என்று தலையாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்தார். நான் அதைச் சாப்பிடாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கக் கூடாதே!

சித்தப்பாவை நடுவில் பலகையில் உட்கார வைத்தார்கள். அவர் எதிரே நான். அம்மா வாசற்படியில் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பெயர் என்ன, வயது என்ன, என்ன வேலை தெரியும் என்று ஆய்வாளர் கேட்டார். நான் சைகையில் கேட்டேன், சித்தப்பா சைகையில் சொன்னார், அம்மா அதை வாயால் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் ஏதோ எழுதிக்கொண்டே தலையாரிக்குக் கண்ணைக் காட்டினார். தலையாரி மெதுவாகச் சித்தப்பாவுக்குப் பின்னால் போனார். அங்கே சாதம் வடிக்கிற அண்டாவின் மூடி சாய்த்து வைத்திருந்தது. அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கல் தரையில் போட்டார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிஸ்கட் கையிலிருந்து விழுந்தது. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டேன், ‘அம்மா’ என்றுகூடக் கத்தவில்லை.

சித்தப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, சுத்தமாக் கேக்காதுன்னு எழுதியிருக்கீங்க. திரும்பிப் பாக்குறாரே?” என்றார் ஆய்வாளர். கோபமாகச் சொல்லவில்லை. தப்புக் கணக்கைக் கண்டுபிடித்த வாத்தியார் குரல் அது.

“ஐயோ சார், சத்தியமாக் கேக்காது சார். மூணு வயசுல போன காது சார். எப்டித் திரும்புனாருன்னே தெர்ல சார்” என்று அம்மா உள்ளே ஓடிவந்தாள். காலில் விழப்போனவளைத் தலையாரி தடுத்தார். ஆய்வாளர் அதற்குள் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், கீழே கிடந்த மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் பிஸ்கட்டை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடித்து வந்தார். சட்டையைக் கழற்றாமலே சித்தப்பாவை உலுக்கினார். “இன்னாத்துக்குடா திரும்புன? இன்னாத்துக்கு?” கைகளாலும் கேட்டார்.

சித்தப்பா இரண்டு கைகளையும் சிறகாக்கி அடித்துக் காட்டினார். பிறகு தலையைத் தட்டிக் காட்டினார். காக்கா. சத்துணவுக் கூடத்தில் சோற்றுக்கு வருகிற காக்கா ஒன்று அவர் தலையைத் தட்டிவிட்டுப் போயிற்றாம், அதற்காகத்தான் திரும்பினாராம்.

நான் அங்கேயே இருந்தேன். காக்கா எதுவும் வரவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்ற சத்தியம் ஆபீசரோடு முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தில் உண்மையே பேசு என்று தினமும் எழுத வைத்தார்கள்.

“காக்காலாம் வர்லப்பா. நான் எதுருலயே குந்தினு இருந்தேன். சித்தப்பா பொய் சொல்லுது” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்குமுன் எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. சித்தப்பா கொல்லைக்குப் போய் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா அடுக்களையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா தட்டைத் துவைக்கிற கல்லில் போட்டார். மாடு மிரண்டது. சித்தப்பாவின் கை நிற்கவில்லை, வைக்கோலைப் பிரித்துக்கொண்டே இருந்தது. அப்பா மறுபடியும் போட்டார். மூன்றாம் தரம் போடக் குனிந்தபோது, மாடு ஏன் மிரளுகிறது என்று சித்தப்பா தானாகவே திரும்பினார். அண்ணன் கையில் தட்டைப் பார்த்தார்.

முப்பது வருஷம் கூடவே வளர்ந்த அண்ணன். அப்பா தட்டோடு அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா வந்து தட்டை வாங்கி, கழுவி, உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு அப்பா மனு மேல் மனு எழுதினார். பெரியாஸ்பத்திரியில் மிஷின் வைத்துப் பார்த்துச் சர்டிபிகேட் வாங்கி வா என்றார்கள். போனால் மிஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் டாக்டர் லீவு. அப்பாவுக்குக் கம்பெனியில் லீவு தீர்ந்தது. தபால்காரர் எங்கள் வீட்டில் நிற்காமல் போக ஆரம்பித்தார். இரண்டு மாதம் சித்தப்பா அந்தத் தேதியில் வாசலில் நின்று பார்த்தார். தீபாவளி முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்டு கிரஷருக்குப் போய்விட்டார். அப்பா சத்தியத்தை நினைவுபடுத்தவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பாரில் உட்கார்ந்து போக முடியாது. சாயங்காலம் ஆனால் ரோட்டோரம் போய் நின்றுகொள்வேன். ஆறு மணிக்கு வரவேண்டியவர் ஆறேகால் ஆகியும் வராவிட்டால் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பேன். எதிரே வருகிற ஒவ்வொரு ஜல்லி லாரியின் டயரையும் பார்ப்பேன். எதற்குப் பார்க்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு வெள்ளைத் தூசி படிந்த தலையோடு சைக்கிள் வரும். நான் திட்டுவேன், அவருக்குக் கேட்காது, சிரிப்பார்.

பொங்கல் கழித்து மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. லாரி ரிவர்ஸ் வந்திருக்கிறது. இந்தத் தடவை சட்டையைப் பிடித்து இழுக்கிற தூரத்தில் யாரும் இல்லை. இடது பாதம் போயிற்று. அதற்கடுத்த வருஷம் உதவித்தொகை திரும்பக் கிடைத்தது, காலுக்காக. அதற்கு யாரும் அண்டா மூடியைக் கீழே போட்டுப் பார்க்கவில்லை.

காக்கா விஷயத்தை நான் மறந்துவிட்டேன். பல வருஷம் கழித்து ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தகடு அடிக்கிற பிரஸ் ஓடுகிற இடம், காதில் பிளக் வைத்துக்கொள்ளாமல் உள்ளே விட மாட்டார்கள். வைத்துக்கொண்டால் ஒன்றும் கேட்காது. சேர்ந்த முதல் வாரம், எனக்கு எதிரே லைனில் நின்ற பெண் திடீரென்று கண்ணை விரித்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சட்டென்று திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்துகொண்டிருந்தது.

ஒதுங்கி நின்றேன். லைனுக்குத் திரும்பிப் போகவில்லை. சூப்பர்வைசர் ஃபோர்க்லிஃப்டைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் பயந்தது அதற்கில்லை.

அன்று கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கொல்லைக்குப் போனேன். சித்தப்பா ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்தேன். அண்டா மூடி விழுந்ததைக் காட்டினேன். என் முகத்தைத் தொட்டுக் காட்டினேன், கண்ணை விரித்தேன், அவரைத் திரும்பச் சொன்னேன். நான்தான் சித்தப்பா, நான்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இல்லை என்று தலையை ஆட்டினார். தன் இரண்டு கைகளையும் சிறகாக்கி அடித்தார். தலையைத் தட்டிக் காட்டினார்.

ஆமாம் சித்தப்பா, காக்காதான், நானும் பார்த்தேன் என்று சைகையில் சொன்னேன். ஒன்பது வயதில் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.