கடைசி மதிப்பெண் யாருக்கு?

குன்னூரிலிருந்து மகேந்திரனின் மனைவி போன் செய்து, "ஏனுங்க, அவரு போயிட்டாருங்க" என்றபோது நான் நம்பவில்லை. உளவியல் துறையில் என்னோடு பணியாற்றிய மகேந்திரன், எதையும் இருமுறை விசாரிக்காமல் ஏற்காதவர். சாவை மட்டும் எப்படி ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டார்? அவரை அறிந்த உங்களுக்கும் இதே கேள்விதான் எழுந்திருக்கும்.

இளைஞர்களின் சுயகட்டுப்பாட்டை அளப்பதும், அது குறைந்தவர்கள் தவறான வழியில் போகிறார்களா என்று பார்ப்பதும் எங்கள் ஆய்வு. ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் மஸ்டரிலேயே கேள்விகளைக் கேட்டோம். "கோபம் வந்தா கை நீட்டுவீங்களா?" ஒருவர் விடாமல், "இல்லைங்க." எனக்கு ஒரே குஷி. மகேந்திரன் முகத்தைச் சுளித்தார். "இத்தன சாமியாருங்க ஒரே எஸ்டேட்லயா? பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாருங்க."

திரும்பினால் சூப்பர்வைசர்! மஸ்டரில் அவர் முன்னால் வேறென்ன சொல்வார்கள்? மறுநாள் வேலை முடிந்ததும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டு வாசல்களில் தனித்தனியாகக் கேட்டோம். செல்வம் என்ற இளைஞன் சிரித்துக்கொண்டே, "அடிப்பேனுங்க. போன மாசங்கூட ஒருத்தன அடிச்சேன்" என்றான். மதிப்பெண்ணில் அவன்தான் கடைசி.

அதே வாரம் ஃபாக்டரியில் தேயிலைத்தூள் மூட்டை ஒன்று காணாமல் போனது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, டீ கொடுத்துக் குழைந்தார். "கடைசி மார்க் யாருதுங்க? பேர மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்." வாயைத் திறந்தால் செல்வத்தின் வேலை போகும், வீடும் போகும்.

மகேந்திரன் டீயைத் தொடவில்லை. "உண்மையச் சொன்னவனுக்குத்தாங்க அந்த மார்க். திருடுனவன் நல்ல மார்க்கே வாங்கியிருப்பான். மொதல்ல உங்ககிட்டயே கேக்கலாங்களா, கோபம் வந்தா கை நீட்டுவீங்களான்னு?"

மேனேஜர் மேசையை ஓங்கி அடித்தார். "இனிமே எஸ்டேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

மகேந்திரன் எழுந்துகொண்டே சொன்னார்: "இப்ப கடைசி மார்க் உங்களோடதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வு அங்கேயே நின்றது. செல்வம் இன்றும் அந்த எஸ்டேட்டில் வேலை செய்கிறான்.

இறுதிச் சடங்கில் ஒருவர், 'கெட்டவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்தவர்' என்று மகேந்திரனைப் புகழ்ந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய மனிதரே வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "எங்க காலேஜ் ஹாஸ்டல்லயும் கேட்டுப் பாத்து, அந்த மாதிரிப் பசங்க பேரு கொஞ்சம் கெடைக்குங்களா?"

"உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பெயர் கேட்டு வருகிறவர் மேல்தான் இப்போது என் முதல் சந்தேகம். மகேந்திரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். பெயரை மட்டும் யாருக்கும் தர மாட்டேன்.