பதினோரு மணிக் கஞ்சி

நேற்று பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தேங்காயெண்ணெயில் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் பொரியும் வாசனை வந்தது. உங்களுக்கு அந்த வாசனையில் நாக்கு ஊறும். எனக்கோ முதுகு நிமிர்ந்து, கண் தானாக மூடிக்கொள்ளும். என்ன செய்ய, நான் தியானம் படித்தது ஒரு சிப்ஸ் கடையின் மாடியில்!

தொண்ணூறுகளின் கடைசி. கிழக்கேகோட்டையில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் நான் சப்ளையர். மாஸ்டர் மார்த்தாண்டத்துக்காரர், செல்லத்துரை அண்ணன். கைப்பக்குவம் அபாரம். வாய் அதைவிட. "சாம்பார்ல உப்பு கொஞ்சம்..." என்று யாராவது இழுத்தால் போதும், கரண்டியோடு மேசைக்கே வந்துவிடுவார். ஒருநாள் முதலாளி, "துரை, இனி ஒருக்கல் கஸ்டமர்ட்ட கூச்சல் போட்டா, பெட்டியக் கெட்டிட்டு ஊருக்குப் போய்க்கோ, கேட்டியா" என்றார். ஊரில் குடும்பமே அண்ணனை நம்பித்தான் இருந்தது. பயந்துபோய்த் தியான வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு நான். தியானத்தில் நான் கண்டதெல்லாம் நல்ல தூக்கம்தான்.

சொல்லிக்கொடுத்தவர் கோட்டைக்குள் அக்ரகாரத்து ஜெயா மாமி. பேங்க் வேலை முடிந்து வந்து இலவசமாக நடத்துவார். ஒரே நிபந்தனை: உட்காருவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே வயிற்றில் ஒன்றும் விழக்கூடாது. ஹோட்டல் அடுக்களையிலோ கடைசிக் கஸ்டமர் கை கழுவிய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. மணி நாலாகிவிடும். விடிகாலையில் குடிக்கும் பாலில்லாத கட்டன்சாயாவுக்குப் பிறகு அதுதான் முதல் சோறு. வகுப்பு ஆறு மணிக்கு என்பதால் அண்ணன் அதையும் விட்டுவிட்டார். சாந்தம் வரவேண்டியவருக்குச் சன்னதம் வந்தது.

ஒரு மாலை எல்லோரும் கண்மூடி இருக்கிறோம். கீழிருந்து வாசனை ஏறி வருகிறது. அண்ணன் ஜன்னலுக்குப் பாய்ந்து கடைக்காரனைப் பார்த்துக் கத்தினார்: "லேய், எண்ண காந்துது, தீயக் கொறலே!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இது ஒக்காது மாமி. வேலையும் போயிரும்."

"கடைசியா எப்போ சாப்ட்டேள்?"

"நேத்து ராத்திரி."

மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஈஸ்வரா! அந்த ரூல் நேரத்துக்குச் சாப்பிடறவாளுக்கு. உங்களுக்கு இருக்கறது கோபமில்லை, பசி. நாளைலேர்ந்து பதினோரு மணிக்குக் கஞ்சி குடிங்கோ. சாயந்தரத்துக்குள்ள ஜீரணமாயிடும்."

"கஸ்டமர் திங்கதுக்கு முன்ன மாஸ்டர் கை நனைக்கதா? மொறையில்லல்லா?"

"அவாளைத் திட்டறது மட்டும் முறையோ?"

மறுநாள் ஸ்டோர் ரூமில் நின்றபடி, திருடித் தின்பவர் மாதிரி, கஞ்சியும் பயறும் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் அடுக்களை அடங்கிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "மாஸ்டர் லீவாடா?" என்று என்னிடம் கேட்டார். விஷயம் தெரிந்ததும் எங்கள் எல்லோருக்குமே பதினோரு மணிக்குக் கஞ்சி என்று சொல்லிவிட்டார். அரிசி மூட்டைகள்மேல் உட்கார்ந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டுக் குடித்தோம். அந்தச் சந்தோஷம் எனக்கு எந்த விருந்திலும் கிடைத்ததில்லை.

இன்று அந்த மாடி இல்லை. ஹோட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. மாமி மகளோடு வெளியூர் போய்விட்டார். இதிலெல்லாம் எனக்கு வருத்தம்தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பே, பஸ் ஸ்டாண்டு வரை கேட்ட மாஸ்டரின் கூச்சல் போய்விட்டது. அதை மட்டும் நாங்கள் யாரும் தேடவே இல்லை.