திருடனுக்கு ஒரு டிபன் பாக்ஸ்

போன புதன்கிழமை ஒரு க்ரைம் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பார்த்திருக்கக் கூடாது. நிறுத்திவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார் அந்த மனிதர்...

முதலிலிருந்து சொல்கிறேன்.

பாதியில் நிற்கும் ஒரு நாவலை முடிப்பதற்காகக் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். மலை மேல் குண்டூர் நாடு என்கிற ஊரில் ஒரு வீட்டின் முன்னறையைப் பத்து நாளைக்குப் பேசி வைத்திருந்தாள் ஒரு தோழி. எழுபது கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவிலேயே நாவலாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது எனக்கு. மேலே போய் இறங்கி, அந்த வீட்டு அம்மா கையில் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்த பிறகுதான் உயிர் வந்தது.

வீட்டுக்காரர் பழனியப்பன். ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள். ஊரே 'ஏட்டையா' என்கிறது. ராசிபுரம் பக்கத்துக்காரர், இளவயதில் மலைக்குப் போஸ்டிங்கில் வந்தவர், மலைக்கே மாப்பிள்ளையாகிவிட்டார். மனைவி ராஜாமணி குண்டூர் நாட்டுப் பெண். கல்யாணமானதும் கீழே இறங்கி, ஊர் ஊராகப் போலீஸ் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தி, அவர் ரிட்டயர்டு ஆனதும் தன் அப்பா வீட்டு நிலத்துக்கே திரும்பி வந்திருக்கிறார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நாலு பலா, வீட்டுக்குப் பின்னால் குச்சிக்கிழங்கு... உங்கள் ஊரில் மரவள்ளி என்பீர்கள்.

ராஜாமணி அம்மாவுக்கு மறதி நோய். மூன்று வருடமாக. என்னை முதல் நாள் "புது டீச்சரா கண்ணு?" என்று கேட்டார். இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாள் நானே, "ஆமாங்க, டீச்சர்தான்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் ஒரு படம் ஓடும். ஒரே படம். பெயர் எதற்கு? சென்னை க்ரைம் பிராஞ்ச் அதிகாரி ஒருவர், பூட்டு என்ற ஒன்றையே மதிக்காத ஒரு தொழில்முறைத் திருடனை வருடக்கணக்காகத் துரத்துகிற படம். மகள் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. ராஜாமணி அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் அது புதுப் படம்! முதல் பூட்டு திறக்கும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "ஏனுங்க, பின்னால ஆளு நிக்குதுங்க!" என்று பதறுவார். ஏட்டையாவும் அன்றுதான் பார்ப்பதுபோல, "அட, ஆமா!" என்பார். எத்தனையாவது தடவையோ, யாருக்குத் தெரியும்?

இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், அந்த அம்மா எப்போதும் திருடன் கட்சி. முப்பது வருடத்துக்கு மேல் போலீஸ் சாப்பாடு சாப்பிட்டவர், திருடன் கட்சி! "பாவம், மூணு நாளா அந்தப் பையன் சோறு உண்ணல" என்பார். துரத்துகிற அதிகாரியைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் அந்த அதிகாரி மழையில் ஜீப்பில் போவதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இவனுக்கும் ஊடுன்னு ஒண்ணு இருக்குமில்ல. அங்க ஒருத்தி சோத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அந்த நெனப்பே இல்ல பாரு இவனுக்கு."

ஏட்டையா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மிளகுக்கொடிக்குக் கவாத்து செய்துகொண்டே அவராக என்னிடம் பேசினார். "நானும் ஒருத்தனத் தொரத்துனேன் அம்மிணி. ஈரோடு, கரூர், திருச்சின்னு எட்டு மாசம். எந்தப் பூட்டும் அவனுக்குப் பூட்டே இல்ல. கடேசில ஒரு டீக்கடைல வெச்சுப் புடிச்சேன். பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. அந்தப் பேப்பரோட ஊட்டுக்கு வந்தா, கதவத் தொறந்துட்டு கைல ஒரு கொழந்தையோட நிக்கறா. பொறந்து இருபத்தொரு நாளு. 'இதுதானுங்க உங்க மக'ன்னு சொன்னா. வேற ஒரு வார்த்த சொல்லல."

அரிவாளைத் துடைத்து உறையில் போட்டார்.

"திட்டியிருந்தா பரவால்லீங்க."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நாமெல்லாம் எத்தனை துப்பறியும் கதை படித்திருக்கிறோம்... அதில் வீட்டில் இருப்பவளுக்கு என்ன வேலை? ஒரு காட்சியில் காப்பி. ஒரு காட்சியில் போனில் அழுகை. அவ்வளவுதான். நானும்தான் அப்படி எழுதியிருக்கிறேன். என் கதைகளில் ஒரு இன்ஸ்பெக்டரின் மனைவிக்குப் பெயர்கூட வைக்கவில்லை என்று அங்கே நின்றபோது நினைவு வந்தது.

சரி, படத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை அவர்கள் ஒருநாளும் முழுசாகப் பார்ப்பதில்லை. திருடன் ரயில் பாலத்தின் மேல் ஓடுவான். பின்னால் அதிகாரி. இருவருக்கும் நடுவே இருபதடி. அங்கே வந்ததும் ஏட்டையாவின் கை ரிமோட்டை அமுக்கிவிடும். "கரண்டு போயிருச்சு கண்ணு" என்பார். "அந்தப் பையன் தப்பிச்சுட்டானுங்களா?" என்று அம்மா கேட்பார். "தப்பிச்சுட்டான். நம்ம மலைக்கே ஏறி வந்துட்டான்" என்பார் அந்த முன்னாள் போலீஸ்காரர். அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்.

முதல் தடவை முழுசாகத்தான் பார்த்தார்களாம். மறுநாள் காலையில் படம் மொத்தமும் மறந்துபோயிருக்கிறது. துக்கம் மட்டும் மறக்கவில்லை. "யாரோ செத்துட்டாங்க... யாருன்னுதான் தெரியல" என்று சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடவே இல்லையாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

புதன்கிழமை அம்மாவின் மாத்திரை வாங்க ஏட்டையா செம்மேட்டுக்குக் கிளம்பினார். "அஞ்சரை பஸ்ஸுக்கு வந்துருவேன் அம்மிணி. படத்தப் போட்டு உடுங்க. பாலம் வந்ததும் நிறுத்திப்போடுங்க. மறந்துராதீங்க."

மறக்கவில்லை. பாலம் வந்தது. ரிமோட் என் கையில்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்... அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். லேசான குறட்டைகூடக் கேட்டது. ஆறு நாளாக அந்தப் பாலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். துப்பாக்கி வெடித்தது. திருடன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தான். தண்ணீர் கலங்கியது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார். முடிந்தது.

திரும்பினேன். ராஜாமணி அம்மா கண்ணைத் திறந்து டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது விழித்தாரோ!

"தண்ணி சில்லுன்னு இருக்குமே" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. அப்பாடா, பெரிதாக ஒன்றும் மனதில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு, குளித்துவிட்டு டீ போடலாம் என்று போனேன். குளிர்ந்த மலையில் வெந்நீர்க் குளியல்... கொஞ்சம் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் நாற்காலி காலி.

அடுத்த அரை மணி நேரத்தை நான் எப்படி எழுத? மாட்டுக்கொட்டகையில் பார்த்தேன். பலா மரத்தடியில் பார்த்தேன். மிளகுத் தோட்டத்துக்குள் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பக்கத்து வீடுகளில் ஆளில்லை. எல்லோரும் சாமைக் காட்டில் களையெடுக்கப் போயிருந்தார்கள். பனி இறங்க ஆரம்பித்தது. இரண்டு நாளாக மழை வேறு... பாதையெல்லாம் வழுக்கல். ஏட்டையாவுக்குப் போன் போட்டால் டவர் இல்லை. கடைசியில் ரோட்டுக்கு ஓடிவந்தேன். பஸ் வந்து நின்றது. மாத்திரைப் பையோடு அவர் இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன நேரமாச்சு?"

"அரை மணி... முக்கால் மணி இருக்கும்."

"செருப்பு போட்டிருக்கறாளா?"

தெரியவில்லை. வீட்டுக்கு வேகமாக நடந்தோம். வாசலில் செருப்பு இல்லை. "அப்ப எங்கயோ போவோணும்னு நெனச்சுத்தான் போயிருக்கறா" என்றார். சமையலறைக்குள் போனார். அவித்து வைத்த குச்சிக்கிழங்கில் பாதியைக் காணோம். அவர் டியூட்டிக்கு எடுத்துப்போன பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸையும் காணோம். பின்னால் கொடியில் காயப்போட்டிருந்த அவருடைய நீலச் சட்டையும் துண்டும் இல்லை. கிளிப்புகள் மட்டும் வரிசையாகக் கீழே கிடந்தன.

"படம் எதுவரைக்கும் ஓடுச்சு அம்மிணி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முழுசா..."

ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"கடேசியா அவ என்ன சொன்னா?"

"தண்ணி சில்லுன்னு இருக்குமேன்னு..."

"ஓடைக்குத்தான் போயிருக்கறா. பாலத்துக்கு."

குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டி, சரிவில் இறங்கினால் ஒரு ஓடை. அதன் மேல் ஒரு சின்னத் தரைப்பாலம். எழுபது வயதை நெருங்குகிற மனிதர், முட்டிவலிக்காரர்... அந்தச் சரிவில் ஓடினார். நான் விழுந்து எழுந்து பின்னால் போனேன். மழைத் தண்ணீர் பாலத்தடியில் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்துக்குக் கீழே, கரையோரப் பாறை ஒன்றில் ராஜாமணி அம்மா உட்கார்ந்திருந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பக்கத்தில் நீலச் சட்டையும் துண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மடியில் டிபன் பாக்ஸ். தண்ணீரைப் பார்த்து, குழந்தையை எழுப்புகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேல வா சாமி. ஆரும் இல்ல. ஈரத்தத் தொவட்டிக்கிட்டு ரெண்டு வாய் உண்ணுட்டுப் போவியாம்..."

நான் ஓடப் போனேன். ஏட்டையா என் கையைப் பிடித்து நிறுத்தினார். திடுக்கிட்டு எழுந்தால் வழுக்கிவிடும். அவர் மட்டும் அடிமேல் அடி வைத்துப் போனார். ஒரு காலத்தில் எத்தனையோ பேரை நோக்கி அப்படிப் போயிருப்பார்!

அம்மா திரும்பிப் பார்த்தார். அவரை அடையாளம் தெரிந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு அது எந்த வருடமோ...

"ஏனுங்க, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க" என்று கையை நீட்டித் தடுத்தார். "அந்தப் பையன் இங்கதான் இருக்கறான். ஒரு வாய் உண்ணட்டும். அப்பறம் புடிச்சுக்குங்க. உங்களக் கும்புடறேன்."

ஏட்டையா அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். மெதுவாக வந்து அதே பாறையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஆரையும் புடிக்க வரல கண்ணு. இன்னிக்கு எனக்கு லீவு."

"லீவா?"

"லீவு."

"நெசமாவா? ஸ்டேசன்ல இருந்து ஆள் வந்து கூப்புட மாட்டாங்களே?"

"வந்தாலும் போ மாட்டேன்."

அந்த அம்மாவின் முகத்தை நான் அந்தச் சரிவில் நின்றே பார்த்தேன். திருடன், ஆறு, பாலம், எல்லாம் அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்திருப்பாரோ என்னவோ!

"முன்னாலயே சொல்லியிருந்தா கோழி அடிச்சிருப்பனில்லங்க..." என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தார். கிழங்கைப் பிட்டு ஏட்டையாவின் கையில் வைத்தார். அவர் தின்றார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை அவருக்கு. ஒரு கையில் கிழங்கு, இன்னொரு கை அம்மாவின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

அன்று ராத்திரி நான் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க அம்மிணி. கைல சிக்குனவன நானே எத்தன தடவ கோட்ட உட்டிருக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், பென்டிரைவை டி.வி.யிலிருந்து பிடுங்கி அலமாரியின் உச்சியில் வைத்தார்.

மறுநாள் காலையில் ராஜாமணி அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. "யாரோ செத்துட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஆரம்பிக்கவில்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த ஏட்டையாவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கெளம்பலீங்களா? நேரமாச்சுல்ல?" என்றார்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு லீவு கண்ணு."

"லீவா? நெசமாவா?"

அதே முகம். அதே சிரிப்பு. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை காலை நான் பஸ் ஏறக் கிளம்பும்போதும் உள்ளே அந்தக் குரல் கேட்டது... "லீவா?" இரண்டு மணிக்கு இப்போது படம் இல்லை. ஏட்டையா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மிளகுத் தோட்டம் வரைக்கும் நடக்கிறார்.

கிளம்பும்போது அவரிடம், "தினமும் இதையே சொல்லிச் சொல்லி அலுக்காதா?" என்று கேட்டேன். "சர்வீஸ்ல எடுக்காத லீவு நெறைய இருக்குதுங்க" என்றார்.

அது கிடக்கட்டும்... உங்களுக்கு இந்த வருடம் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது?