மூன்று கட்சியிலும் கையெழுத்துப் போட்ட அத்தான்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஊரையே மேலே ஏற்றிவிடுகிறவர், தன் வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்கப் படியேறித்தான் வருவார். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் லிஃப்ட்ல ஏறமாட்டான்" என்பது அவர் சொல்லும் காரணம். எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பது உண்மையான காரணம்.

போன வருஷம் அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அக்காவின் மனுவும் என் மனுவும் இன்னும் யாருடைய மேஜையிலோ தூங்குகின்றன. ஆக, வீட்டுக்கே ஒரு ஓட்டு; அது அத்தானிடம். அந்த நேரம் பார்த்து நகரசபை, பதினேழாம் நம்பர் பஸ்ஸின் முதல் டிரிப்பை நிறுத்தப்போகிறோம் என்றது. காலை ஐந்தேகாலுக்கு வரும் அந்த பஸ்ஸில்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஆறு மணிக்கு அவள் ஊசியோடு போய் நிற்காவிட்டால் வார்டே வெறும் வயிற்றோடு காத்துக்கிடக்கும். அடுத்த பஸ் ஏழு மணிக்கு. அத்தானின் கம்பெனி வேனில் வெளியாட்களை ஏற்றக் கூடாது. கம்பெனி கணக்கில் அக்கா வெளியாள்.

"பஸ் போச்சுன்னா என் வேலையும் போச்சு. ஓட்டு உங்ககிட்ட இருக்கு. என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் அக்கா.

"அவசரப்படாத. எதையும் நல்லா பார்த்துத்தான் முடிவு பண்ணணும்."

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் இதத்தான் சொன்னீங்க. ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு."

எங்கள் ஊரில் நகரசபைத் தேர்தலுக்கு முன்னால் ஒரு குட்டித் தேர்தல் உண்டு. ஒரு கட்சி யாரை நிறுத்துவது என்பதை, அந்தக் கட்சியில் பெயர் பதிந்த வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். ஒருவர் ஒரு கட்சியில்தான் பதியலாம். பதிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அத்தான் கட்சிகளையும் லிஃப்டைப் போல நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினார், சட்டைப்பையில் டார்ச்சோடு. முதல் கட்சி ஆபீஸ் நாலாம் மாடியில். கொள்கை கேட்கப் போனவர், அவர்கள் லிஃப்ட் கதவின் கீழே சிக்கியிருந்த பேனா மூடியை நோண்டி எடுத்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கொள்கை கேட்க மறந்துவிட்டார். இரண்டாவது ஆபீஸில் காபி, பிஸ்கட், மெத்தை நாற்காலி. ஒருவர் முக்கால் மணிநேரம் தலையாட்டிக் கேட்டார். மூன்றாவதில் ஒரு அம்மாள் கவர்களுக்குள் நோட்டீஸ் திணித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "நாற்காலியெல்லாம் பேப்பரா கிடக்கு. நின்னுகிட்டே கேளுங்க" என்றாராம்.

"காபிக் கட்சிதான்! என்ன மரியாதை, என்ன மரியாதை!" என்று அறிவித்தார் அத்தான்.

"பஸ்ஸப் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. ரொம்ப வருத்தப்பட்டாங்க."

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாங்கள் மூன்று கட்சிகளிலும் பெயர் பதிந்திருக்கிறீர்கள். மூன்றும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வந்து ஒன்றை உறுதி செய்யாவிட்டால் மூன்றும் ரத்து.

அக்கா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். "மூணு இடத்துலயும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"வந்து பார்த்ததுக்குத்தானே போட்டேன்!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், கிளம்பும்போது ஒருவர் ஒரு தாளை நீட்டுவார். வந்து பார்த்ததற்கு அத்தாட்சியாக மெக்கானிக் பெயர், விலாசம், தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தாளைக் கண்டால் அவர் கை தானாகப் போகும். கண் கூடவே போகாது.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கடிதத்தைத் தன் ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினாள்.

"ஒரு லிஃப்ட் சரியா இருக்கான்னு, உள்ள மாட்டியிருக்கிற கண்ணாடியப் பார்த்துச் சொல்வீங்களா?"

"யாராவது கண்ணாடியப் பார்ப்பாங்களா? லாக் புக்கத்தான் கேட்போம். என்னென்ன நடந்துச்சுன்னு அதுலதான் இருக்கும்."

"அப்ப கட்சிக்கு மட்டும் ஏன் காபியப் பார்த்தீங்க?"

அத்தானுக்குச் சுருக்கென்று தைத்தது. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "கட்சிக்கு லாக் புக் எங்க இருக்கும்?"

நகர நூலகத்தில் இருந்தது. நகரசபைக் கூட்டக் குறிப்புகள், நாலு வருஷத்துக்கு நாலு தடித்த புத்தகங்கள். புதன், வியாழன் இரண்டு சாயங்காலமும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அத்தான் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். பஸ்ஸை நிறுத்தலாம் என்று காபிக் கட்சி மொத்தமும் கை தூக்கியிருந்தது. நாலாம் மாடிக் கட்சிக்காரர்கள் அன்று கூட்டத்துக்கே வரவில்லை. கூடாது என்று ஏழு நிமிஷம் பேசி எதிர்த்தவர் எங்கள் வட்டாரத்து உறுப்பினர். பக்கத்தில் சின்னதாகப் புகைப்படம். அத்தான் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார்.

"அட, நிக்க வச்ச அம்மா!"

இந்தத் தடவை அந்த அம்மாளைக் கழற்றிவிட்டு, பஸ் வேண்டாம் என்கிற ஒருவரை நிறுத்த அவர் கட்சிக்குள்ளேயே ஆள் சேர்க்கிறார்கள் என்பது அன்றைய செய்தித்தாளில் இருந்தது. விஷயம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அத்தான் எழவில்லை. இன்னொரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடந்த லிஃப்ட் பரிசோதனையை வருஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றிய தீர்மானம். கொண்டுவந்தவரும் அதே அம்மாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம், "உன் பஸ்ஸக் காப்பாத்துறவங்க என் லிஃப்ட்டக் கைவிட்டுட்டாங்க" என்றார்.

"நூத்துக்கு நூறு ஒத்துப்போற ஆள்தான் வேணும்னா நீங்கதான் தேர்தல்ல நிக்கணும். உங்களுக்கு நானே ஓட்டுப் போட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை நாலரைக்குத் தேர்தல் அலுவலகத்தில் நின்றோம். அத்தான் கையில் இரண்டு பக்கக் கடிதம்: லிஃப்ட் பரிசோதனை பற்றி அந்த அம்மாளுக்கு. பதிவது அவர் கட்சியில், சண்டையும் அவரோடுதான் என்று முடிவாகியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டினார். அத்தானின் கை கிளம்பி, பாதியில் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். அடியில் இருந்த பொடி எழுத்தையும் விடவில்லை. பின்னால் வரிசை முனகியது.

"சார், அஞ்சு மணிக்குக் கவுன்டர மூடிருவோம்."

"படிக்காம கையெழுத்துப் போட்டதாலதாம்மா இங்க வந்து நிக்கிறேன்."

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அக்கா பெருமூச்சு விட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். அந்தப் பெண் படிவத்தில் முத்திரை குத்திவிட்டு, வருகைப் பதிவேட்டைத் தள்ளினார். "இதுலயும் ஒரு கையெழுத்து சார்."

அத்தான் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இது எந்தக் கட்சி?"

"போட்டுட்டு வாங்க, பதினேழு வந்துரும்" என்று அக்கா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.