தறியில் உட்கார்ந்து எடுத்த ஓய்வு

காமாட்சியை நம்பி நிற்கும் எல்லோருக்கும் ஐயம்பேட்டையிலிருந்து வணக்கம். அம்மா எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். ஓட்டத் தேர்வுதான் பாக்கி. வயது வரம்பில் அதுவே எனக்குக் கடைசி வாய்ப்பு. ஒருநாள் காலைப் பயிற்சியில் வேகமெடுத்தபோது, இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. சதை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஓடாமல் ஓய்வெடு என்றார் டாக்டர்.

ஓடவில்லை. வாரங்கள் போயின, வலி போகவில்லை. வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று அம்மாவிடம் சண்டையே போட்டேன். "சரி பண்றதுன்னா பண்ணு. இல்லன்னா ஏன் ஆகலன்னாவது சொல்லு" என்று அழுதேன்.

பிரகாரத்தில் நொண்டிக்கொண்டு போனபோது, பின்னால் வந்த ஓர் அக்கா நிறுத்தினார். செவிலிமேட்டுக்காரர், பிசியோதெரபிஸ்ட் என்பது பிறகுதான் தெரிந்தது.

"காலுக்கு என்னமா?"

"ஓடும்போது புடிச்சிக்கிச்சுக்கா. ரெஸ்ட்லதான் இருக்கேன். தறியில உக்காந்துக்கினு பொழுத ஓட்டறேன்."

"தறியா? அப்போ மிதிய யாரு மிதிக்கிறது?"

தறிக்கு அடியில் இருக்கும் மிதிகட்டையை நாள் முழுக்கக் காலால் அழுத்தி மிதித்தது நான்தான். எங்கள் தெருவில் தறியில் உட்கார்வதைக் கால் வேலை என்று யாரும் நினைப்பதில்லை. டாக்டரிடம்கூட அதை நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அம்மா உடனே ஆள் அனுப்பிவிட்டாள்.

"சேலைய நான் பாத்துக்கறேன், நீ கால பாத்துக்கமா" என்று என் கணவர் தறியில் உட்கார்ந்தார். வலி அடங்கியதும், அக்கா சொன்னபடி சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கினேன். முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால். அப்புறம் நடை, நடைக்கு நடுவே கொஞ்சம் ஓட்டம். வலித்தால் அன்றைக்கு அதோடு சரி. எனக்குப் பொறுமை சுத்தமாகக் கிடையாது. அதையும் அம்மாதான் கொடுத்தாள்.

தேர்வு நாளில் விசில் கேட்டதும் பாய்ந்தேன். கடைசி வளைவில் கால் என்ற நினைப்பே இல்லை. கோட்டைத் தாண்டி அங்கேயே உட்கார்ந்து கெண்டைக்காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

இந்த மாசித் தேருக்குக் காக்கி உடுப்பில் பந்தோபஸ்து நின்றது நான்தான். காலையிலிருந்து நின்றும் கால் வலிக்கவில்லை.

உங்கள் வலி எதுவானாலும் அவளிடம் கேளுங்கள், கோபமாகவே கேளுங்கள். பிறகு பக்கத்தில் நடப்பவர் ஏதாவது விசாரித்தால், மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.